றைஸ் லேக் கரையில் மலிவாகத் தங்கித் தனியாக மீன்பிடிக்க: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

இரண்டு மூன்று கிழமை ஏரிக்கரையில் தனியாகத் தங்கி மீன்பிடிக்க ஆசை, ஆனால் கொட்டேஜ் வாடகையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிடுகிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகைத் தளங்களில் முதலில் வந்து நிற்பவை குடும்பங்களுக்கான வீடுகள்: நாலு அறை, சுடுநீர்த் தொட்டி, பிள்ளைகள் விளையாட மணல். ஒற்றை ஆளுக்கு வேண்டியது ஒரு கட்டில், ஓர் அடுப்பு, படகு கட்ட ஓர் இடம். உதாரணத்துக்குக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து றைஸ் லேக் ஏரியை எடுத்துக்கொள்வோம். ரொறொன்ரோவிலிருந்து 401 ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், 28 ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் ஏரியின் மேற்கு முனையான பியூட்லி.

1. முதலில் மாதம், பிறகு இடம்

யூலை, ஓகஸ்டில் பெரும்பாலான இடங்கள் சனிக்கு சனி, முழுக் கிழமையாகத்தான் கொடுப்பார்கள். விலையும் உச்சத்தில் இருக்கும். செப்டெம்பர் முதல் திங்களான லேபர் டே கழிந்ததும் கூட்டம் வடிந்துவிடும், பேரம் பேசலாம். இந்தப் பகுதியில் பிக்கரல் மீன் பிடிக்கும் காலம் மே மாத இரண்டாவது சனியும் பாஸ் மீனுக்கான காலம் யூன் மூன்றாவது சனியும் திறக்கும். அதனால் மே நடுப்பகுதி, இல்லாவிட்டால் செப்டெம்பர். ஒக்டோபரை நம்பிப் போகாதீர்கள். குளிருக்கென்று கட்டாத பழைய குடில்களில் குழாய் உறைந்துவிடும் என்று, ஒக்டோபர் இரண்டாம் திங்களில் வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறையோடு தண்ணீரை நிறுத்திவிடுவார்கள்.

2. வரைபடத்தில் தேடுங்கள்

கூகுள் வரைபடத்தில் பியூட்லி, கோர்ஸ் லாண்டிங், ஹார்வுட், ஹேஸ்டிங்ஸ், கீன் என்று ஊர் ஊராகப் போய் 'ஃபிஷிங் ரிசோர்ட்', 'ஹவுஸ்கீப்பிங் கொட்டேஜ்' என்று போட்டுப் பாருங்கள். குடும்பமாக நடத்துகிற பழைய மீன்பிடி முகாம்கள் வரும். இணையப்பக்கம் பதினைந்து வருடப் பழசாக இருந்தால் நல்ல சகுனம் என்பது என் கட்சி. சமையலறை, பாத்திரம் எல்லாம் இருக்கும். கழுவுவது துடைப்பது நம் வேலை. படுக்கை விரிப்பும் துவாயும் பல இடங்களில் நாமே கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் செய்மதிப் படத்துக்கு மாறி, படகுத்துறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். இந்த ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது, ஆழமும் குறைவு. நீளவாட்டில் காற்றடித்தால் சின்னப் படகில் தனியாளாக நிற்க முடியாத அலை சீக்கிரம் எழும்பிவிடும். குடாவுக்குள் ஒதுங்கிய துறையானால், நடு ஏரி கலங்கிக் கிடக்கும் நாளிலும் கரையோரமாகத் தூண்டில் போடலாம்.

3. தொலைபேசி எடுத்துக் கதையுங்கள்

மின்னஞ்சலில் கேட்டால் விலைப்பட்டியல்தான் வரும். இப்படித் தொடங்குங்கள்: "நான் ஒரு ஆள்தான், மூன்று கிழமை தங்குவேன், உங்களிடம் ஆகச் சின்னக் குடில் எது?" பட்டியலில் போடாத ஒற்றை அறையோ நிறுத்தி வைத்த ட்ரெய்லரோ சில இடங்களில் இருக்கும். ஞாயிறு மாலை வந்து வெள்ளி காலை போனால் என்ன விலை என்றும் கேளுங்கள். வார இறுதியை விட்டுக் கொடுக்கிற வாடிக்கையாளரை எந்த முதலாளிக்கும் பிடிக்கும்.

கட்டாயம் கேட்க வேண்டியவை: படகும் மோட்டரும் வாடகைக்குள் அடங்குமா? சொந்தப் படகென்றால் துறைக்குத் தனிக்காசா? மீன் வெட்டக் குடில் இருக்கிறதா? குளிர்பெட்டியில் உறைய வைக்கும் பகுதி ஒழுங்காக வேலை செய்கிறதா? இன்னொன்று நம்மவர்களுக்கு: உள்ளே மீன் பொரிக்க விடுவார்களா? வெளியே அடுப்பு இருந்தால் பிரச்சினை இல்லை. மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த வாசம் மரச்சுவரை விட்டு இலேசில் போகாது. வாசம் போக்கவென்று முற்பணத்தில் வெட்டினால் மலிவு மலிவாக இருக்காது.

4. இரவுக் கணக்கை விடுங்கள், மொத்தக் கணக்குப் போடுங்கள்

வாடகை, 13% எச்எஸ்ரி வரி, படகு, பெற்றோல், இரை, ஐஸ் எல்லாவற்றையும் கூட்டி நாட்களால் வகுங்கள். படகையும் சேர்த்துத் தருகிற குடில், வெறும் அறையை விட இரவுக்கு விலை கூடத் தெரிந்தாலும் மொத்தத்தில் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

5. அனுமதியும் அளவும்

18 முதல் 64 வயது வரை மீன்பிடி அனுமதி கட்டாயம். மோட்டர் படகு ஓட்டுவதற்கு வேறு அட்டை. நீண்ட நாள் தங்குபவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: உறைய வைத்த மீனும் உங்கள் கைவச எண்ணிக்கையில், அதாவது ஒரு நேரத்தில் நீங்கள் வைத்திருக்கக்கூடிய மீன் கணக்கில், சேரும். ஒரு நாள் அளவு நாலு என்றால், இருபது நாள் நாலு நாலாகச் சேர்த்து வைக்க முடியாது. வேண்டியதைச் சாப்பிடுங்கள், மிச்சம் பிடிபடுகிற மீனைத் தண்ணீரிலேயே விடுங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் உள்ள எண்ணிக்கையையும் நீளத்தையும் மாகாண மீன்பிடி விதிப்புத்தகத்தில், றைஸ் லேக் அடங்கும் 17 ஆம் வலயத்தின் கீழ் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவும் சரிவரவில்லையா?

மாகாணப் பூங்காக்களில் கூடார இடம் ஐந்து மாதத்துக்கு முன்பே பதியலாம். கனடாவில் வசிப்பவர்கள் அரச நிலத்தில் ஓரிடத்தில் வருடத்துக்கு 21 நாள் வரை இலவசமாகக் கூடாரம் அடிக்கலாம். ஆனால் றைஸ் லேக் கரை பெரும்பாலும் தனியார் காணி, அதற்கு வடக்கே தள்ளிப் போக வேண்டும்.

இடம் முடிவானால், முற்பணம் அனுப்பு முன் நாட்கள், மொத்தத் தொகை, படகு, இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற நாலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.