சிறு குழந்தையின் முழங்கை இழுபட்டால்: அடையாளம் காண்பதும் செய்ய வேண்டியதும்

கோலாலம்பூரின் மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் ரயில் கதவு மூடப்போகும் வேளையில், பின்தங்கிய இரண்டு வயதுக் குழந்தையின் கையைப் பெரியவர் ஒருவர் வெடுக்கென்று இழுக்கிறார். குழந்தை வீறிட்டு அழுது, சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. ஆனால் அதன்பின் அந்தக் கையை மட்டும் தூக்க மறுக்கிறது. மருத்துவர்கள் ‘புல்ட் எல்போ’ என்று சொல்லும் முழங்கை இழுபடுதல் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது குழந்தையை ஒரு கையால் தூக்கிவிடுவதும், இரு கைகளையும் பிடித்துச் சுற்றி விளையாட்டுக் காட்டுவதும், இறுக்கமான சட்டைக் கையிலிருந்து கையை இழுத்தெடுப்பதும் இதே காயத்தை உண்டாக்கலாம். அன்போடு பிடித்த கையாலேயே நேர்வது என்பதால், யார் இழுத்தது என்ற விசாரணையில் நேரத்தைக் கழிக்காமல், நடந்ததை நடந்தபடி மருத்துவரிடம் சொல்வதே குழந்தைக்கு உதவும்.

முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளில் ஒன்றான ஆர எலும்பின் மேல்முனையை, மோதிரம்போலச் சுற்றியிருக்கும் ஒரு தசைநார் அதனிடத்தில் நிறுத்தி வைக்கிறது. ஒன்று முதல் நான்கு வயது வரை அந்தத் தசைநார் இன்னும் உறுதிப்படாமல் இருப்பதால், நீட்டிய கை திடீரென இழுபடும்போது, அது எலும்பு முனையின் மேல் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஐந்து வயதுக்குப் பிறகு தசைநார் தடித்துவிடுவதால் இது அரிதாகிவிடும்.

குழந்தை கையை உடலோடு ஒட்டி, முழங்கையைச் சற்றே மடக்கி, உள்ளங்கையை வயிற்றுப் பக்கமோ பின்பக்கமோ திருப்பி வைத்திருக்கும். அசைக்காதவரை பெரிதாக வலிப்பதில்லை என்பதால் சிரிக்கவும் விளையாடவும் கூடும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்து இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். குழந்தையை மடியில் உட்கார வைத்து, அதற்குப் பிடித்த பிஸ்கட்டை அந்தக் கையின் பக்கமாக நீட்டிப் பாருங்கள். தோள் அசையாது, விரல்கள் மட்டும் லேசாக நெளியும், மற்றொரு கை குறுக்கே வந்து பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளும். வலி மணிக்கட்டில் என்று குழந்தை காட்டினாலும் கோளாறு முழங்கையில் இருக்கலாம். வீக்கமோ கன்றிப்போன நிறமோ கோணலோ இந்தக் காயத்தில் பொதுவாக இராது.

அப்படி ஏதேனும் தெரிந்தால், அல்லது குழந்தை கீழே விழுந்திருந்தால், எலும்பு முறிவு என்றே எண்ணி நடந்துகொள்ள வேண்டும். கையை அப்படியே விட்டு, எதுவும் உண்ணவோ குடிக்கவோ கொடுக்காமல், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். விரல்கள் வெளுத்தோ குளிர்ந்தோ மரத்தோ இருந்தால் 999-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். காய்ச்சலோடு கையை அசைக்க மறுப்பது மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம். அதற்கும் அன்றே மருத்துவர் தேவை. எப்படி நேர்ந்தது என்று எவருமே பார்க்கவில்லை என்றால், விழுந்திருக்கலாம் என்றே கொள்வது நல்லது.

நம் வீடுகளில் இதைச் சுளுக்கு என்று கருதி எண்ணெய் போட்டு உருவிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெரியவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும் இதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தால், உருவுவதும் திருகுவதும் அருகே ஓடும் இரத்தக் குழாயையும் நரம்பையும் காயப்படுத்திவிடும். வீட்டில் செய்யக்கூடியது எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுப்பதும், குழந்தைக்குச் சுகமான நிலையில் கையை ஒரு துண்டால் தாங்கிப் பிடிப்பதும்தான்.

இழுபட்டது மட்டுமே என்று உறுதியாகத் தெரிந்தால், குழந்தைகளைப் பார்க்கும் பக்கத்து கிளினிக்கே பெரும்பாலும் போதும். இரவு நேரமானால் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம். நடந்தது தெளிவாக இருந்தால் எக்ஸ்ரே கூடத் தேவைப்படாது. மருத்துவர் ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, கட்டைவிரலை ஆர எலும்பின் முனைமீது வைத்து, மறுகையால் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கை கீழ்நோக்கும்படி நன்றாகத் திருப்புவார். அல்லது உள்ளங்கையை மேலே திருப்பி முழங்கையை மடக்குவார். இவற்றில் முதலில் சொன்ன முறையே பெரும்பாலும் முதல் முயற்சியில் பலிக்கிறது. ‘க்ளிக்’ என்று ஒரு சிறு சொடுக்கு விரலில் உணரப்படும். குழந்தை ஒரு கணம் கத்தும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

அதன்பின் உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். காத்திருக்கும் இடத்திலேயே பொம்மையைக் கொடுத்து விளையாட விடுங்கள். பல குழந்தைகள் அரை மணி நேரத்துக்குள் கையைத் தூக்கிவிடும். பல மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் கை பழைய நிலைக்கு வர இன்னும் நேரமாகலாம். தூக்காவிட்டால் மருத்துவர் மீண்டும் முயல்வார், அல்லது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். கை சரியான பின் கட்டு எதுவும் பொதுவாகத் தேவையில்லை.

ஒருமுறை இழுபட்ட முழங்கை மறுபடியும் இழுபடக்கூடும். எனவே குழந்தையை எப்போதும் இரு அக்குள்களிலும் கைகொடுத்துத் தூக்குங்கள். சட்டை மாட்டும்போது கையை இழுக்காமல், சட்டைக் கைக்குள் உங்கள் விரல்களை விட்டுக் குழந்தையின் கையை வழிநடத்துங்கள். தாத்தா பாட்டிக்கும், பகலில் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையத்தாருக்கும் இதைச் செய்து காட்டுங்கள். திரும்பத் திரும்ப நேர்ந்தால், வீட்டிலேயே சரிசெய்யும் முறையைக் கற்றுத்தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.