போர்ச்சுகல் போனா சந்தைக்கு எந்த கிழமை போகணும், கடைல எப்படி வாங்கணும்

முதல் தடவ லிஸ்பன் போனப்போ ஒரு புதன்கிழமை காலைல டிராம்ல தொங்கிட்டு மேட்டுல ஏறி ஃபெய்ரா ட லாட்ராவ பாக்க போனேன். அங்க என்ன இருந்துச்சுன்னா ஒரு காலி மைதானம், நாலு கார், ஒரு நாய், அவ்ளோதான். ஏன்னா அந்த சந்தை செவ்வாயும் சனியும் மட்டும்தான். அன்னைக்கு புரிஞ்சது, அந்த ஊர்ல எந்த சந்தைக்கு போறோம்ங்கறத விட எந்த கிழமை எத்தன மணிக்கு போறோம்ங்கறதுதான் முக்கியம். நம்ம ஊர்ல புதன் சந்தை, ஞாயித்து சந்தைன்னு சொல்லுவோம்ல, அதே கதைதான்.

முதல்ல ரெண்டு வார்த்தைய பிரிச்சு வெச்சுக்கங்க. மெர்காடோன்னா கட்டடத்துக்குள்ள இருக்கற மார்க்கெட், மீன் காய்கறி பழம் கறி எல்லாம், பெரும்பாலும் திங்கள்லருந்து சனி வரைக்கும், காலைலதான் உயிரோட இருக்கும், ரெண்டு மணிக்கு மேல போனா கழுவி விட்டுட்டு இருப்பாங்க. ஃபெய்ரான்னா வெட்டவெளில குறிப்பிட்ட கிழமை கூடுற சந்தை. மீன் வாங்கறதுக்கோ பாக்கறதுக்கோ போறதா இருந்தா திங்கக்கிழமை வேண்டாம், ஞாயிறு படகு போகாததால மீன் பக்கம் பாதி மேடை காலியா கிடக்கும்.

லிஸ்பன்ல எல்லாரும் போறது காய்ஸ் டு சோட்ரேல இருக்கற மெர்காடோ ட ரிபெய்ரா. 2014ல அதுல ஒரு பாதிய டைம் அவுட் மார்க்கெட்னு ஃபுட் கோர்ட்டா மாத்திட்டாங்க, நீள பெஞ்சு, பெரிய செஃப் பேரெல்லாம் போட்ட கடை, கூட்டம்னா கூட்டம். சாப்பாடு நல்லாதான் இருக்கும், ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு போனா தட்ட கைல வெச்சுட்டு சீட்டுக்கு அலையணும், பதினொன்ற பன்னெண்டுக்கே போயிடுங்க. நான் சொல்றது என்னன்னா அதே கட்டடத்தோட இன்னொரு பாதில இன்னும் பழைய மார்க்கெட்டே நடக்குது, காலைல அங்க ஒரு சுத்து சுத்திட்டு அப்புறம் இந்தப் பக்கம் வாங்க.

பழக்கடைல அன்னாசிய பாத்தா கொஞ்சம் நின்னு கேளுங்க. அவங்களும் அனனாஸ்னுதான் சொல்லுவாங்க, அதுவும் அசோர்ஸ் தீவுல கண்ணாடி கூரைக்கு கீழ வளக்குறத மட்டும் அனனாஸ்னுவாங்க, பிரேசில்லருந்து வர்ற வகைய அபகஷின்னுவாங்க, விலைல நல்ல வித்தியாசம் இருக்கும். நம்ம அன்னாசி, சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை எல்லாம் அவங்க பாஷைலருந்து வந்ததுதான். வீட்டு சாமான் விக்கற கடைல போர்டு படிக்கறப்போ அதான் சிரிப்பு வரும், பாதி நமக்கே தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

இப்ப ஃபெய்ரா ட லாட்ரா. லாட்ரான்னா திருடி, சந்தையோட பேரே திருடி சந்தை. கேம்போ ட சான்டா க்ளாரால, நேஷனல் பாந்தியனுக்கு பக்கத்துல. காலைல ஒம்பதுக்குள்ள போனா நல்ல பொருள் இருக்கும், மத்தியானத்துக்கு மேல நல்ல வியாபாரிங்க மூட்டைய கட்டிடுவாங்க. பழைய ரெக்கார்டு, தபால் கார்டு, துருப்பிடிச்ச சாவி, யாரோ வீட்டு கல்யாண போட்டோ, பித்தள சாமான்னு எல்லாம் தரைல துணி விரிச்சு கிடக்கும். பேரம் பேசறதுன்னா இங்க பேசுங்க, சிரிச்சுட்டே கொஞ்சம் குறைச்சு கேளுங்க, ரெண்டு மூணு பொருள் சேத்து எடுத்தா இன்னும் குறைப்பாங்க. மத்தபடி மார்க்கெட் காய்கறி கடைலயோ போர்டு போட்ட கடைலயோ பேரம் பேசாதீங்க, அங்க அது பழக்கம் இல்ல, மூஞ்சி சுருங்கும்.

இந்த சந்தைல ஒண்ணே ஒண்ணு மட்டும் வாங்காதீங்க, அது தனித்தனியா விக்கற பழைய அசுலேஜு ஓடு, அதாவது சுவத்துல பதிக்கற டைல்ஸ். நீலம் வெள்ளைல ரொம்ப அழகாதான் இருக்கும், ஆனா பழைய வீட்டு சுவத்துலருந்து பேத்து திருடி விக்கறது அங்க பெரிய பிரச்சனை, போலீஸே 2007ல எஸ்ஓஎஸ் அசுலேஜுன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு காணாமப் போன ஓடுங்களோட போட்டோவெல்லாம் போட்டு தேடுறாங்க. புதுசா கைல வரைஞ்சு விக்கற பட்டறைங்க இருக்கு, அங்க வாங்கிக்கங்க.

சந்தைக்கு 28ம் நம்பர் டிராம்ல போகலாம், ஆனா பர்ஸ் முன் பாக்கெட்ல இருக்கட்டும், பை நெஞ்சுக்கு முன்னாடி இருக்கட்டும், பிக்பாக்கெட்டுக்கு பேர் போன ரூட்டு அது. லிஸ்பன் நடுவுல பைஷா, ரோஸ்ஸியூ பக்கம் யாராவது கிட்ட வந்து கஞ்சா வேணுமான்னு முணுமுணுத்தா நிக்காம நடங்க, பாதிக்கு மேல அது அமுக்கி வெச்ச பிரியாணி இலைதான்.

அடுத்து வடக்க போர்ட்டோ ஊர்ல போல்யாவ் மார்க்கெட். 1914 கட்டடம், பல வருஷம் மூடி ரிப்பேர் பண்ணி 2022 செப்டம்பர்ல திறந்தாங்க, ஞாயிறு லீவு. இப்ப கொஞ்சம் டூரிஸ்ட் வாசனை ஏறிடுச்சு, கிளாஸ்ல ஒயின், தட்டுல சிப்பின்னு, ஆனாலும் பூக்கடை அக்காங்களும் ஆலிவ் விக்கற பாட்டிங்களும் அப்படியே இருக்காங்க. அங்கருந்து ரெண்டு நிமிஷத்துல சான்டா கத்தரினா தெரு, துணி செருப்பு வாங்கறதெல்லாம் அங்க.

அதே போர்ட்டோல இருக்கற லெல்லோ புத்தகக்கடை (1906) பத்தி நிறைய பேர் கேப்பீங்க. உள்ள போகவே டிக்கெட், அதையும் ஆன்லைன்ல நேரம் பாத்து முன்னாடியே எடுக்கணும், புக் வாங்கினா அந்த காசை கழிச்சுக்குவாங்க. படிக்கட்டு அழகுதான், இல்லேங்கல, ஆனா தலைங்களுக்கு நடுவுல எட்டி எட்டி பாக்கணும். எனக்கு லிஸ்பன் ஷியாதோல இருக்கற பெர்ட்ராண்ட்தான் பிடிச்சது, 1732ல ஆரம்பிச்சது, இன்னும் நடக்கற புத்தகக்கடைல உலகத்துலயே பழசுன்னு கின்னஸ்ல இருக்கு, டிக்கெட்டும் இல்ல கூட்டமும் கம்மி. அதுக்கு பக்கத்துலயே கார்மோ தெருல லுவாரியா உலிசஸ்னு ஒரு கையுறை கடை, 1925லருந்து, ரெண்டு பேர் நின்னா கடை ஃபுல். முழங்கைய ஒரு சின்ன மெத்தைல ஊன சொல்லி கையுறைக்குள்ள பவுடர் போட்டு அவங்களே மாட்டி விடுவாங்க. நம்ம வெயிலுக்கு கையுறை எதுக்குன்னு கேக்காதீங்க, வேடிக்கை பாக்கவாவது வாசல்ல நில்லுங்க.

நாள் கைல இருந்தா போர்ட்டோலருந்து ரயில்ல பார்சேலுஸ் போங்க, வியாழக்கிழமை மட்டும். ஊருக்கு நடுவுல பெரிய மைதானம், உயிர் கோழிலருந்து கூடை, மண்பானை, நாத்து வரைக்கும் எல்லாம் கிடைக்கும், வாங்கறவங்கள்ல பாதிக்கு மேல சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. போர்ச்சுகல் ஃபிரிட்ஜ் மேக்னட்ல எல்லாம் ஒரு கறுப்பு சேவல் இருக்கும்ல, அதோட சொந்த ஊர் இது. தெக்க அல்கார்வ் பக்கம் போனீங்கன்னா சனிக்கிழமை காலை லூலே சந்தைக்கோ ஓல்யாவ் சந்தைக்கோ போங்க, ஓல்யாவ்ல ரெண்டு செங்கல் கட்டடம் தண்ணி ஓரத்துலயே நிக்கும், ஒண்ணு முழுக்க மீனு. மதேரா தீவுக்கு போறவங்க ஃபுஞ்சால் மார்க்கெட்ல பழத்த ருசி பாக்க நீட்டினா, விலைய கேட்டுட்டு அப்புறம் வாய்ல போடுங்க, கிலோ விலைய பாத்து நிறைய பேர் முழிச்சிருக்காங்க.

கடைக்குள்ள போனா முதல்ல பொம் தியா (காலை வணக்கம்) சொல்லுங்க, மத்தியானத்துக்கு மேல போவா தார்டே (மதிய வணக்கம்). சொல்லாம நேரா பொருள எடுத்தா மரியாதை இல்லாதவன்னு நினைப்பாங்க. நன்றிக்கு, சொல்றவர் ஆம்பளைன்னா ஒப்ரிகாடு, பொம்பளைன்னா ஒப்ரிகாடா. சூப்பர்மார்க்கெட்ல மீன், சீஸ் கவுண்டர்ல கூட்டத்துல முண்டாதீங்க, ஓரத்துல ஒரு மிஷின் இருக்கும், சென்ஹான்னு டோக்கன் கிழிச்சுட்டு நம்பர் வர்ற வரைக்கும் நிக்கணும். பில் போடறப்போ கான்ட்ரிபுயின்டேன்னு ஏதோ வேகமா கேப்பாங்க, அது அவங்க வருமான வரி நம்பர், நமக்கு தேவையில்ல, நாவ் (இல்ல)னு தலையாட்டினா போதும். விலைல 3,50னு கமா இருந்தா மூன்றரை யூரோன்னு அர்த்தம்.

சின்ன கடைல மல்டிபாங்கோ மட்டும்னு எழுதி இருந்தா அது அந்த ஊர் கார்டு, நம்ம விசா ஓடாம போகலாம், அதனால கைல ஒரு 40, 50 யூரோ சில்லறையா இருக்கட்டும், ஃபெய்ராவுக்கு கண்டிப்பா காசுதான். பணம் எடுக்கறப்போ எம்பி (MB, அதே மல்டிபாங்கோ) எழுத்து போட்ட மிஷின தேடுங்க. ரூபாய்ல கழிக்கவா யூரோல கழிக்கவான்னு மிஷின் கேட்டா கண்ண மூடிட்டு யூரோவ அமுக்குங்க.

என்ன வாங்கலாம்னா, மத்தி மீன் டின். கலர் கலரா பொறந்த வருஷம் போட்டு விக்கற கடைங்க சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கும், விலையும் அப்படித்தான். பழைய கடை வேணும்னா லிஸ்பன் பக்கலியெய்ருஸ் தெருல கன்சர்வெய்ரா டி லிஸ்போவா, 1930லருந்து இருக்கு, டின்ன அங்கயே பேப்பர்ல சுத்தி நூல் கட்டி குடுப்பாங்க. சும்மா வீட்டுக்கு சாப்பிடன்னா சூப்பர்மார்க்கெட்டே போதும். கார்க்ல பை, பர்ஸ் நல்லா உழைக்கும், உலகத்து கார்க்ல பாதி இந்த நாட்டுலதான் உரிக்கறாங்க, ஒரு மரத்த ஒம்பது வருஷத்துக்கு ஒரு தடவதான் உரிப்பாங்க.

நகை பாக்கறவங்களுக்கு ஒரு சேதி. அங்க பழைய தங்கம் 19.2 காரட், அதாவது 800, நம்ம 916 இல்ல, அதனால நம்ம ஊர் விலையோட அப்படியே ஒப்பிடாதீங்க. கம்பி வேலைப்பாடு இதய டாலர் ரொம்ப அழகு, ஆனா தெருக்கடைல தொங்கறது பெரும்பாலும் முலாம்தான், நகைக்கடைல வெள்ளில முத்திரை பாத்து வாங்குங்க.

பக்கல்யாவ், அதான் உப்புக்கண்டம் போட்ட காட் மீன், கருவாடு பிடிக்கறவங்க விட மாட்டீங்கன்னு தெரியும். வாங்கினா கடைலயே வாக்யூம் பேக் பண்ணி தர சொல்லுங்க, இல்லேன்னா பெட்டில இருக்கற துணி மொத்தமும் மணக்கும். ஆலிவ் எண்ணெய், மீன் டின், சேரா சீஸ் எல்லாம் செக்இன் பெட்டில போகட்டும், அந்த சீஸ் கூழ் மாதிரி இருக்கறதால கை பைல விட மாட்டாங்க.

ஒரே பில்லுல வரி போக 50 யூரோவுக்கு மேல வாங்கினா டாக்ஸ் ஃப்ரீ (கட்டின வரிய திரும்ப வாங்கறது) கேளுங்க, பாஸ்போர்ட் காட்டணும், ஃபார்ம் குடுப்பாங்க. ஏர்போர்ட்ல அந்த ஃபார்ம மிஷின்ல ஸ்கேன் பண்ற வேலைய பெட்டிய போடறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, கஸ்டம்ஸ்ல பொருள காட்டுன்னு கேட்டா பெட்டி உள்ள போயிருக்கக் கூடாது.