"நடிக்கிறான்" என்று முடிவுகட்டும் முன்: வில்டர்னஸ் தெரபி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போதைப்பழக்கம், மனச்சோர்வு, பள்ளிக்குப் போக மறுப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது. இப்படித் தவிக்கும் பதின்வயதுப் பிள்ளைகளை வாரக்கணக்கில் காட்டிலும் பாலைநிலத்திலும் நடக்கவைத்து மாற்றப் பார்க்கும் திட்டங்களை அமெரிக்காவில் 'வில்டர்னஸ் தெரபி' என்கிறார்கள். யூட்டா மாநிலம்தான் இதற்குத் தாய்வீடு. அங்குள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் நடந்த காட்டுவாழ்க்கைப் பயிற்சியிலிருந்து இது கிளைவிட்டது.

மலையும் மரமும் மனதுக்கு நல்லதுதானே என்று பெற்றோர் யோசிப்பதில்தான் முதல் சறுக்கல். நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. பிள்ளை சம்மதித்துப் போகிறதா, முடியவில்லை என்றால் திரும்பி வர முடியுமா, வீட்டாரோடு யாரும் ஒட்டுக்கேட்காமல் பேச முடியுமா என்பதுதான் சண்டை. பல பிள்ளைகளைக் கூட்டிப்போகும் விதமே வேறு. பெற்றோர் காசு கொடுத்து ஏற்பாடு செய்த இரண்டு அந்நியர்கள் விடிவதற்கு முன் படுக்கையறைக்கு வந்து எழுப்பி அழைத்துப்போவார்கள். முன்கூட்டிச் சொன்னால் ஓடிவிடுவான் என்ற பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரவை வளர்ந்த பிறகும் கெட்ட கனவாகக் காண்பதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அம்மா மேல் இருந்த நம்பிக்கை சிகிச்சை தொடங்கும் முன்பே உடைந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, பிள்ளை சொல்வதை நடிப்பு என்று ஒதுக்குவது. 1990 ஜூனில் யூட்டாவின் வெயிலில் நடக்கவைக்கப்பட்ட 16 வயதுப் பெண் வெப்பத்தாக்கில் இறந்தாள். 1994 மார்ச்சில் அதே மாநிலத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் வயிறு வலிக்கிறது என்று நாள்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தான். பாசாங்கு என்றார்கள். குடற்புண் வெடித்து, வயிற்றுக்குள் தொற்று பரவி இறந்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2007இல் இத்தகைய 10 மரணங்களை ஆராய்ந்தபோது, ஆபத்தின் அறிகுறிகளைப் பணியாளர்கள் பொருட்படுத்தாதது மீண்டும் மீண்டும் வெளிவந்தது.

இது ஏதோ சில கல்நெஞ்சர்களின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். "கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சிக் கடிதம் எழுதுவான், இளகிவிடாதீர்கள்" என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவைக்கும் வழக்கம் உண்டு. அதன்பிறகு பொய்க் கெஞ்சலையும் உண்மை அலறலையும் பிரித்தறிய வீட்டில் யாருக்கும் வழியில்லை.

லைசென்ஸ் இருக்கிறது என்று நிம்மதியடைவதும் தவறு. நார்த் கரோலினாவில் 2024 பிப்ரவரியில் ஒரு 12 வயதுச் சிறுவன் இத்தகைய முகாம் ஒன்றுக்கு வந்து சேர்ந்து ஒரு நாள்கூட ஆகாமல் இறந்துபோனான். அசைந்தால் ஒலியெழுப்பும் கருவி மாட்டிய சிறு கூடாரப்பைக்குள் அவனைப் படுக்கவைத்திருந்தார்கள். மூச்சுத்திணறல், பிறர் செயலால் நேர்ந்த மரணம் என்றது பிரேதப் பரிசோதனை. அந்த நிறுவனத்துக்கும் லைசென்ஸ் இருந்தது. மே மாதம்தான் அதை ரத்து செய்தார்கள். சட்டம் வந்துவிட்டதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வாரம் ஒருமுறை குடும்பத்தோடு ரகசியமாகப் பேச யூட்டாவின் 2021 சட்டம் வழிசெய்தது, ஆனால் அது அந்த மாநிலத்துக்கு மட்டும்தான். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் போன்றோர் போராடியதால் 2024 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டம் ஆய்வுக்குத்தான் உத்தரவிடுகிறது, நேரடிக் கட்டுப்பாடு எதையும் விதிக்கவில்லை.

வெற்றி விகிதங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அவை சேரும்போதும் முடிக்கும்போதும் நிரப்பிய கேள்வித்தாள்களிலிருந்து வருபவை. அதே காலத்தில் வீட்டிலேயே இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் காட்டால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று தெரியும். எதிர்ப்பவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். "என் உயிரைக் காப்பாற்றியதே அதுதான்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பொய்யர்கள் என்பது அநியாயம்.

இனி வேறு வழியே இல்லை என்று தோன்றும் வேளையில் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். தற்காயம் செய்துகொள்ளும் பிள்ளைகளுக்கு டிபிடி, அதாவது கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை. வீட்டுக்கே வந்து குடும்பம் முழுவதோடும் வேலைசெய்யும் மல்டிசிஸ்டமிக் தெரபி. இரண்டும் ஒப்பீட்டுக் குழுக்களை வைத்துச் சோதிக்கப்பட்டவை.

அதற்குப் பிறகும் அனுப்பத்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: நள்ளிரவில் என் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் யார் பார்ப்பார்? எத்தனை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்? எனக்கு யார் போன் செய்வார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.