கிரெடிட் வரியைப் பிடித்துப் போங்கள்: புது இண்டி பேண்டுகளைக் கண்டுபிடிக்கும் வழி

ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'தமிழ் இண்டி' என்று தட்டினால் முன்னால் வந்து நிற்பவற்றில் பல, சினிமா இசையமைப்பாளர்கள் பெரிய லேபிளுக்காக, அதாவது இசை நிறுவனத்துக்காகச் செய்த தனிப்பாடல்கள். இண்டி என்றால் அப்படிப்பட்ட நிறுவனத்தைச் சாராமல் சொந்தமாகப் பாட்டு வெளியிடுவது. அவற்றிலும் நல்ல பாட்டு உண்டு. ஆனால் புதிதாக முளைத்து வரும் பேண்டைத் தேடுபவர் ஆல்பம் பக்கத்தின் அடிவரை இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்தோடு ஒரு வரி இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் என்பதை அது சொல்லும். பேண்டின் பெயரோ அதில் இருப்பவரின் பெயரோ இருந்தால், பாட்டு பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு நீண்ட எண்ணும் அதன் பின்னால் 'ரெக்கார்ட்ஸ் டிகே' என்றும் இருந்தால், லேபிள் பெயரே கொடுக்காமல், பாட்டை ஆப்புகளில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரோகிட் என்ற சேவை மூலம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். முதல் பாட்டை வெளியிடுபவர்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள்.

அடுத்தது கிரெடிட், அதாவது பாட்டில் யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியல். ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் வரும். யூடியூபில் வீடியோவுக்குக் கீழே உள்ள விவரத்தை விரித்தால் இன்னும் முழுமையாக இருக்கும். பாடியவர் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாட்டின் ஒலியை அமைத்துத் தயாரித்தவர், எல்லா ஒலியையும் சமன்செய்து மிக்ஸ் செய்தவர், டிரம்ஸ், பாஸ் என்று நாலு பேரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் தனியாகத் தேடுங்கள். பாடகர் அநேகமாக ஒரு பேண்டோடு நின்றுவிடுவார். நல்ல டிரம்மரோ அந்த ஊரில் மூன்று நாலு பேண்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பார். மிக்ஸ் செய்பவர் கையில் இன்னும் வெளிவராத பேண்டின் பாட்டுகூட இருக்கும்.

தெரிந்த ஒரு குழுவில் இதைச் செய்து பாருங்கள். பா. இரஞ்சித் முன்னெடுத்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. கானா, பறை, ராப், கிட்டார் எல்லாம் சேர்ந்த குழு அது. அதன் இசைத் தயாரிப்பாளர் டென்மா என்ற பெயரைப் பிடித்தால் குரங்கன் என்ற பேண்ட் வரும். குரங்கனில் அவரோடு இருந்தவர் கபேர் வாசுகி. அந்தப் பெயர் உங்களைத் தமிழில் தானே எழுதித் தானே பாடுபவர்களின் பக்கம் கொண்டுபோய் விடும். அதே கலெக்டிவில் ராப் பாடகர் அறிவின் பெயரைப் பிடித்தால் 2019இல் வந்த தெருக்குறள் ஆல்பம், அதிலிருந்து தயாரிப்பாளர் ஆஃப்ரோ. ஒரு குழுவிலிருந்து இரண்டு பெயர், இரண்டு வேறு உலகம். ஆப்பின் பரிந்துரை இப்படிக் கிளை பிரியாது. ஒரே மாதிரி ஒலிப்பதைத்தான் அது அருகருகே அடுக்கும்.

கலைஞர்களிடமிருந்து பாட்டை நேரடியாகக் காசு கொடுத்து வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் தேடுபவர்கள் குறிச்சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். குறிச்சொல் வரிசையில் கடைசியாக இருப்பது பேண்டின் ஊர். அதை அழுத்தினால் அந்த ஊர்க்காரர்கள் வருவார்கள். அதைவிடப் பயன் தருவது, ஆல்பத்தை வாங்கியவர்களின் சிறு படங்கள். ஒன்றைத் தொட்டால் அவர் காசு கொடுத்து வாங்கிய மொத்தத் தொகுப்பும் திறக்கும். இரண்டு மூன்று பேர் தொகுப்பில் ஒரே பெயர் திரும்ப வந்தால் அதை முதலில் கேளுங்கள். காசு கொடுத்தவர் ரசனையை லைக் போட்டவர் ரசனையைவிட நம்பலாம்.

இனி கேட்கும் முறை. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'சத்தம் வத்தலா இருக்கு' என்று பேண்டை ஒதுக்காதீர்கள். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது; போன் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும். பாதி பேண்ட் உங்கள் காதுக்கு வந்தே சேர்வதில்லை. சாதாரண ஒயர் இயர்போன் போதும். வீட்டு அறையில் பதிந்த டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, சத்தம் குறைவாக ஒலிக்கும். இன்னொன்றோடு ஒப்பிடும்போது பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். கூடுதல் சத்தத்தில் ஒலிப்பதே நல்லது என்று காது எளிதில் ஏமாறும்.

ஒரு பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை டிரம்ஸும் பாஸும் மட்டும். மூன்றாவது தடவை குரல்: எந்த ஊர்ப் பேச்சு, சொல்லை எங்கே இழுக்கிறார், எங்கே வெட்டுகிறார்.

பறை உள்ள பேண்ட் என்றால் இரண்டாவது தடவைதான் முக்கியம். பறைக்கு இரண்டு குச்சி. நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி சுளீரென்று விழும். குட்டையான தடித்த அடிக்குச்சி கனமாக அதிரும். தீயில் காட்டி முறுக்கேற்றிய தோலில் அந்தச் சுளீர் இன்னும் கூர்மையாகும். டிரம்ஸில் சடாரென்று ஒலிக்கும் ஸ்னேர் என்ற டிரம்மும் ஏறக்குறைய அதே சுருதி எல்லையில்தான் ஒலிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். யோசித்து அமைத்த பேண்டில் யாராவது ஒருவர் விலகியிருப்பார்: டிரம்மர் ஸ்னேரை விட்டுவிட்டு, காலால் அடிக்கும் கிக்கையும் கனத்து ஒலிக்கும் டாமையும் பிடிப்பார், அல்லது ஸ்னேர் விழாத இடைவெளியில் பறை பேசும். பறை வெறும் அலங்காரமா, பாட்டின் எலும்பா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அந்த ஒலி பேண்டுக்கே சொந்தமானதா என்று அறிய மூன்று பதிவு தேவை: அவர்களின் முதல் பாட்டு, கடைசிப் பாட்டு, யாரோ போனில் எடுத்த மேடை வீடியோ. மூன்றிலும் எஞ்சி நிற்பதுதான் அவர்களுடைய ஒலி. ஸ்டூடியோப் பதிவில் மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளருடையது. அவர் செய்த வேறு பேண்டிலும் அதே வாசம் அடிக்கும்.

தேடலில் கால் இடறும் இடங்கள் சில. ஒரே பெயருள்ள இரண்டு பேர் பாட்டு ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். முதல் ஆல்பம் ஒரு மொழி, இரண்டாவது வேறு மொழி என்றால் சந்தேகப்படுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்: 'ழ'வுக்கே மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு, எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். சில மாதத்துக்குள் நாலைந்து ஆல்பம், கிரெடிட் கிடையாது, மேடை வீடியோ ஒன்றுகூட இல்லை என்றால் அது ஏஐ உருவாக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் கேட்டால் பரிந்துரை குழந்தைப் பாட்டாகிவிடும். இதற்கென்று தனிக் கணக்கு வைப்பது நல்லது.

பிடித்த பேண்டுக்குக் காசு போய்ச் சேர வேண்டும். 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து எதுவும் தருவதில்லை. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும். 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அது அறிவிக்கும் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கும்; 2020இல் தொடங்கிய வழக்கம் இது. கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதால் நமக்கு வெள்ளி மதியத்திலிருந்து சனி மதியம் வரை. வெள்ளி காலையில் வாங்கினால் சேராது. கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முன்பே வங்கி ஆப்பில் பாருங்கள்; பணம் போகாமல் நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

நேரில் கேட்கப் போனால் பெரிய பேண்டுக்கு முன்னால் மேடையேறுபவர்களுக்காகப் போங்கள்; கதவு திறக்கும் நேரத்திலேயே உள்ளே இருங்கள். 'மார்கழியில் மக்களிசை' போன்ற விழாக்களில் ஒரே மாலையில் கானாவும் ஒப்பாரியும் ராப்பும் அடுத்தடுத்து வரும். சீக்கிரம் போவதில் நட்டமே இல்லை. நிற்க வேண்டிய இடம் மிக்ஸர் மேசைக்குப் பக்கம். சவுண்ட் என்ஜினியர் அங்கே நின்றுதான் சமன் செய்கிறார். மேடைக்கு ஒட்டி நின்றால் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் நேரே அறையும், குரல் தலைக்கு மேலே போய்விடும். காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள்: 100 டெசிபலில் 15 நிமிடம்தான் காதுக்குப் பாதுகாப்பு.

முடிந்ததும் டி-ஷர்ட் விற்கும் மேசைக்குப் போங்கள். சின்ன பேண்டில் பெரும்பாலும் வாசித்தவரே அங்கு நிற்பார். நம் ஊரில் இப்போது யாருடைய ஒத்திகை உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது என்று கேளுங்கள். ஆப்பில் இன்னும் ஏறாத பெயர் ஒன்று கிடைக்கும். எழுத்துக்கூட்டலையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.