வாசலில் ஆவாரஞ்செடி: விதையிலிருந்து வளர்க்கும் முறை

போகியன்று காப்புக் கட்ட பூளைப்பூ, வேப்பிலையோடு ஆவாரம்பூவும் வேண்டும். எங்கள் கோவைப் பக்கம் ரோட்டோரம் தானாகப் பூத்துக் கிடந்த செடி அது. அதைச் சந்தையில் கட்டு கட்டாகக் காசு கொடுத்து வாங்க எனக்கு மனசே ஆறவில்லை. இரண்டு வருஷம் விதைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மூன்றாம் வருஷம் வந்த ஆறு செடிகள் இப்போது வாசலில் நிற்கின்றன.

விதை: பழுப்பேறிக் காய்ந்த சப்பைக் காய்களாகப் பறித்து வாருங்கள். பச்சைக் காய் வேண்டாம்.

தோலைத் தேய்ப்பது: நான் இரண்டு வருஷம் கோட்டை விட்டது இங்கேதான். ஆவாரை விதையின் தோல் ரொம்பக் கெட்டி, தண்ணீரே உள்ளே இறங்காது. மண்ணில் கிடந்து வெயிலிலும் மழையிலும் தோல் நைந்த பிறகுதான் முளைக்கும், அதுவும் எல்லாம் ஒரே வருஷத்தில் அல்ல. ஒரு மழை பொய்த்தாலும் மிச்ச விதை மண்ணில் பத்திரமாக இருக்கும். வறண்ட மண்ணில் பிழைக்க அதற்கு இந்த ஏற்பாடு தேவை. நாம்தான் கொஞ்சம் உதவ வேண்டும்.

கொதிக்கிற தண்ணீரில் போடச் சொல்வார்கள். நான் போட்டதில் பாதி விதை வெந்துவிட்டது. உப்புத்தாள்தான் நல்லது. கூர்நுனிப் பக்கம் முளைவேர் இருக்கும், அதைத் தொடாமல் மறுபக்க விளிம்பை மட்டும் தேயுங்கள். பளபளப்பு போய் உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பியிருக்கும் விதை தயார். கல் மாதிரியே கிடப்பதை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள்.

விதைப்பு: ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால், செடி நிற்கப்போகும் இடத்திலேயே நேரடியாக ஊன்றுங்கள். ஆணிவேர் சீக்கிரமே ஆழமாக இறங்கிவிடும். தொட்டியில் வளர்த்து இடம் மாற்றிய கன்று ஒன்றும் எனக்குப் பிழைக்கவில்லை. கடப்பாரையால் மண்ணை நன்றாக இளக்கி, குழிக்கு இரண்டு விதை, நாலடி இடைவெளி. எரு வேண்டாம், எங்கள் சுக்கான் மண்ணிலேயே வந்துவிட்டது. நாள் முழுக்க வெயில் விழும் இடமாக மட்டும் பாருங்கள்.

தண்ணீர்: முதல் கோடையில் வாரம் ஒரு முறை ஊற்றினேன். இரண்டாம் கோடையில் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை, பூ மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் தினமும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புல்தரையையும் எடுத்துவிட்டுப் பொடுதலையைப் படரவிட்டிருக்கிறேன். அதுவும் நம்ம மண்ணின் செடிதான்.

காலை எட்டு மணிக்குச் செடிப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆவாரம்பூவின் மகரந்தம் பைக்குள் அடைபட்டிருக்கும், வெளியே வர நுனியில் சின்னத் துளைதான் வழி. கருவண்டு பூவை இறுகக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரம் சட்டென்று மாறி "ஸ்ஸ்ர்ர்" என்று கேட்கும். அந்த அதிர்வில் மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். இதைப் பார்க்கவே தினமும் காபியோடு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

இலையைப் பச்சைப் புழு தின்றால் மருந்து அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட வேண்டாம். வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சியின் குஞ்சுகள் அவை. மொட்டையாக்கினாலும் செடி மறுபடி துளிர்த்துவிடும்.

பின்சேர்க்கை: நர்சரியில் ஆவாரை என்று வாங்கிய கன்று மரமாக வளர்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மஞ்சள் பூ பூக்கும் கொன்றை வகைகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று தென் அமெரிக்காவிலிருந்து வந்து முதுமலைக் காட்டில் பெருமளவு பரவியது. வாங்கும்போது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே இரண்டு பக்கமும் காதுமடல் மாதிரி வட்டமான சிற்றிலை தண்டை அணைத்தபடி இருக்கும். அது இல்லையென்றால் கன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஐப்பசிக்கு விதை சேர்க்க ஆரம்பியுங்கள்.