டிரம் கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ரியாக்டர் வரை: கெமிக்கல் ஆலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கும் ஸ்பெஷாலிட்டி கெமிக்கல் ஆலைகளில் ஒரே சரக்கு வருஷம் முழுக்க ஓடாது. இந்த மாதம் ஒரு பிராடக்ட், அடுத்த மாதம் வேறொன்று. அதனால் நிலையான பைப்லைனைவிட டிரம், கார்பாய் (பெரிய பிளாஸ்டிக் கேன்), ஹோஸ் இவற்றோடுதான் வேலை அதிகம். ஆபத்தும் அங்கேதான் காத்திருக்கிறது: லாரியிலிருந்து இறக்கும்போது, டிரம்மிலிருந்து ஏற்றும்போது, மேன்ஹோல் வழியாகக் கொட்டும்போது, ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்கும்போது. சரக்கு கைமாறும் இந்த இடங்களை வரிசையாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு இரண்டு பொருள் போதும்: தீப்பிடிக்கும் கரைப்பானான டொலுயின், தண்ணீர் பட்டால் சீறும் தயோனைல் குளோரைடு.

1. சரக்கு வருவதற்கு முன்னால் எஸ்.டி.எஸ்

எஸ்.டி.எஸ் எனும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பகுதிகள் உண்டு. முதல் தடவை எடுக்கும்போது 9 (பண்புகள்), 10 (வினைபுரியும் தன்மை), 7 (கையாளுதல்), 8 (பாதுகாப்புக் கவசம்), 4 (முதலுதவி) என்ற வரிசையில் படியுங்கள். 9-இல் டொலுயினின் ஃபிளாஷ் பாயின்ட் (பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 4 டிகிரி செல்சியஸ் என்றிருக்கும். மார்கழி விடியற்காலையில்கூட நம் பக்கம் அந்த அளவுக்குக் குளிராது. அப்படியென்றால் திறந்த டொலுயின் டிரம்மின் வாயில் தீப்பிடிக்கும் ஆவி எப்போதும் உண்டு. காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே பொறி பட்டால் பற்றும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது; மேலே போகாது, தரையோடு ஊர்ந்து டிரெஞ்சுக்குள் இறங்கும்.

தயோனைல் குளோரைடுக்கு 10-ஆம் பகுதிதான் முக்கியம். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் கிளம்பும். ஈரமான ஹோஸில் மிச்சமிருக்கும் தண்ணீரே போதும்.

இதையெல்லாம் ஒரு பக்க அட்டையாக்கி டிரம் இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். ஆரம்பாக்கத்திலிருந்து வருபவருக்குத் தமிழ், தடா, சூலூர்பேட்டையிலிருந்து வருபவருக்குத் தெலுங்கு, வடக்கிலிருந்து வந்தவருக்கு இந்தி என்று மூன்று மொழியும் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் மாட்டிவிட்டால் அது ஆடிட்டருக்கு வைத்த அட்டை.

2. இறக்கும்போது

லாரி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை, சாவி செக்யூரிட்டி கையில். பழைய டயரைக் கீழே போட்டு அதன்மேல் டிரம்மைத் தள்ளிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படி விழும் டிரம்மின் விளிம்பு மடங்கும், மூடி நெகிழும். கசிவு அன்றைக்குத் தெரியாது, மூன்றாம் நாள் குடோனில் தெரியும். டிரம் கிளாம்ப் போட்ட ஃபோர்க்லிஃப்ட் இல்லையென்றால் லாரியைக் காக்க வையுங்கள். உப்பியிருக்கும் டிரம்மைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. தனியாக நிறுத்தி, தரம் பார்க்கும் க்யூ.சி. பிரிவுக்குச் சொல்லுங்கள்.

டேங்கரில் வரும் சரக்குக்கு வேறு கவலை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தவறிப்போய் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) டேங்கில் இறக்கினால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டு இறக்கும் முனைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு கப்ளிங்கோடு இருந்தால் என்றைக்காவது ஒருநாள் இது நடந்தே தீரும். கப்ளிங் அளவை மாற்றுங்கள், முனைக்குப் பூட்டுப் போடுங்கள். சாம்பிள் ரிப்போர்ட் வந்த பிறகே க்யூ.சி. ஆள் சாவி தர வேண்டும்.

3. அடுக்கி வைப்பது

அகர வரிசையிலோ, வந்த வரிசையிலோ அடுக்காதீர்கள். அமிலமும் காரமும் தனித்தனி. நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிடைசர்களைக் கரைப்பான்களிடமிருந்து சுவர் வைத்துப் பிரியுங்கள். தயோனைல் குளோரைடை மேடான தரையில், தலைக்குமேல் தண்ணீர் பைப் போகாத அறையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு மேடையின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

டேங்கைச் சுற்றியுள்ள டைக் சுவர், உள்ளே இருப்பதிலேயே பெரிய டேங்கின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்கும்படி கட்டப்படுவது வழக்கம். மழைத் தண்ணீர் தேங்கி நின்றால் அந்தக் கணக்கு போச்சு. பி.எச். பார்த்து, மேலே எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு வடியுங்கள். வடித்ததும் வால்வை மூட வேண்டும். அடுத்த கசிவு மழைநீர்க் கால்வாய்க்குப் போவது, மூட மறந்த இந்த வால்வு வழியாகத்தான்.

சும்மா கிடக்கும் சரக்கைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் டேங்க் ஒன்றிலிருந்து ஆவி வெளியேறி 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கில் ஆலை நின்றிருந்தது. ஸ்டைரீன் தானாகவே பாலிமராகும் (மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்) பொருள். அதைத் தடுக்கச் சேர்க்கும் இன்ஹிபிட்டர் நாளாக நாளாகக் குறையும், சூட்டில் இன்னும் வேகமாகக் குறையும். பாலிமராகும்போது வரும் சூடு அடுத்த சூட்டைக் கிளப்பும். உங்கள் குடோனில் இப்படித் தானாக வினைபுரியும் பொருள் இருந்தால், ஆலை ஓடினாலும் நின்றாலும் அதன் வெப்பநிலையும் இன்ஹிபிட்டர் அளவும் பதிவேட்டில் ஏற வேண்டும். அடியில் ஒரு தெர்மாமீட்டர் மட்டும் போதாது. சூடான திரவம் மேலே போகும், அடியில் இருப்பது குளிர்ச்சியாகவே காட்டும்.

4. டிரம்மிலிருந்து ரியாக்டருக்கு

டொலுயின் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பைப்பில் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். சேர்ந்தது இறங்க வழியில்லை என்றால் பொறியாகத் தாவும்.

முதலில் எர்த்திங் கிளாம்ப், பிறகுதான் டிரம் மூடி. முடிக்கும்போது நேர்மாறு: மூடியை இறுக்கிவிட்டு, கடைசியாகக் கிளாம்ப். பெயிண்ட்மேல் மாட்டிய கிளாம்ப் வேலை செய்யாது. அதன் கூர்முனை பெயிண்டைக் குத்தி உலோகத்தைத் தொட வேண்டும். மல்டிமீட்டரில் 10 ஓம்ஸுக்குள் காட்டினால் சரி. சாதாரண பி.வி.சி. ஹோஸ் கூடாது, கடத்தும் வகை ஹோஸ் வேண்டும். டிப் பைப் ரியாக்டரின் அடிவரை போக வேண்டும், மேலிருந்து சிதறி விழக் கூடாது. பைப்பின் வாய் திரவத்தில் மூழ்கும்வரை வேகம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். ஒரு அங்குல பைப்பில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டர். அந்த வேகத்திலேயே முழு டிரம்மையும் ஏற்றினால் 200 லிட்டருக்கு ஏழு நிமிடம் ஆகும். ஏற்றும் முன் ரியாக்டருக்குள் நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது வழக்கம்.

பவுடர் சார்ஜ் பண்ணும்போது கூடுதல் கவனம். உள்ளே கரைப்பான் இருக்க, மேன்ஹோலைத் திறந்து பிளாஸ்டிக் லைனர் பையை உதறிக் கொட்டினால் பையிலும் ஆளிலும் நிலைமின்சாரம் ஏறும். திறந்த மேன்ஹோல் வழியாகக் காற்றும் உள்ளே போகும். முடிந்தால் பவுடரை முதலில் போட்டுவிட்டுக் கரைப்பானை மூடிய லைனில் ஏற்றுங்கள்.

5. ரியாக்‌ஷன் ஓடும்போது

லேபில் ஒரு லிட்டர் குடுவையில் சாதுவாக நடந்தது ஆயிரம் லிட்டரில் அப்படி நடக்காது. கொள்ளளவு ஆயிரம் மடங்கானால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் குளிரூட்டும் பரப்பு பத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் ஒரு லிட்டரில் வரும் சூடு அதேதான்.

புதியவர்கள் சூடு ஏறினால்தான் பயப்படுகிறார்கள். சூடு குறைந்தாலும் பயப்பட வேண்டும். டோசிங் (மூலப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது) போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை செட் பாயின்டுக்குக் கீழே இருக்கிறது என்றால், போட்டது வினைபுரியாமல் உள்ளே சேர்கிறது என்று அர்த்தம். அப்போது ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் ஸ்டீம் விட்டுச் 'சரி' செய்தால், சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: டோசிங்கை நிறுத்திவிட்டு இன்சார்ஜைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் போனால் உள்ளே கலக்கும் ஸ்டிரர் நிற்கும். ஸ்டிரர் நின்றால் டோசிங் வால்வு தானாக மூடும்படி இன்டர்லாக் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் வந்ததும் சட்டென்று ஸ்டிரரைப் போடாதீர்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது ஒரே நேரத்தில் கலக்கும். திரும்ப எப்படி ஓட்டுவது என்பது பேட்ச் கார்டில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அலாரம் அடிக்கிறது என்று இன்டர்லாக்கை பைபாஸ் பண்ணும் அதிகாரம் ஷிப்டில் யாருக்கும் இல்லை.

6. டேங்குக்குள் இறங்குவது

பர்மிட் இல்லாமல் தலையைக்கூட நுழைக்காதீர்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். வால்வை மூடினால் போதாது, பைப்பை அடைக்கும் தகடான பிளைண்ட் போட வேண்டும். நைட்ரஜனுக்கு மணம் கிடையாது. இரண்டு மூச்சில் ஆள் விழுவார். விழுந்தவரைத் தூக்க மாஸ்க் இல்லாமல் இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார்.

7. கண், மூச்சு

மாஸ்க் கார்ட்ரிட்ஜின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு டொலுயின் போன்ற கரிம ஆவிக்கு, மஞ்சள் சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற அமில வாயுவுக்கு, பச்சை அம்மோனியாவுக்கு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எந்த நிறமும் உதவாது.

ஐ வாஷ் பத்து விநாடியில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணை 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். தண்ணீர் 16-இலிருந்து 38 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் மொட்டை மாடி வழியாக வரும் ஜி.ஐ. பைப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் யாரும் 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைக்க மாட்டார்கள். பைப்புக்கு இன்சுலேஷன் போடுங்கள், வாரம் ஒருமுறை திறந்துவிட்டுப் பாருங்கள்.

8. கசிந்துவிட்டால்

டொலுயின் என்றால் அந்த இடத்தில் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தயோனைல் குளோரைடு என்றால் ஹோஸோடு ஓடாதீர்கள். காய்ந்த மணலைப் போட்டு மூடுங்கள்.

ஓடும் திசையைக் காற்றுப் பையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் மதியம் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும், இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ஒரே ஒரு அசெம்பிளி பாயின்ட் வைத்திருந்தால் பாதி நேரம் அது வாயு போகும் வழியில்தான் இருக்கும். எதிரெதிர்த் திசையில் இரண்டு வையுங்கள். பெரிய அளவில் அபாய ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாக் டிரில் நடத்த வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்கின்றன. அதில் ஒன்றையாவது இரவு இரண்டு மணிக்கு, மேனேஜர் இல்லாத ஷிப்டில் நடத்துங்கள்.