விர்ட் சிஸ்டர்ஸ் படிக்கும் முன் பத்து நிமிடம்

டெரி பிராட்செட்டின் 'விர்ட் சிஸ்டர்ஸ்' (1988) நாவலைத் தொடங்கும் முன், ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' கதைச்சுருக்கத்தைப் படித்துவிடுங்கள், முதல் காட்சியை மட்டும் மூலத்திலேயே படியுங்கள், அது ஒரு பக்கம்கூட வராது.

நாவலின் சிரிப்பு பெரும்பாலும் நாடகத்தைத் திருப்பிப் போடுவதில்தான் இருக்கிறது. நாடகம் தொடங்கும்போது இடி மின்னலுக்கு நடுவில் ஒரு சூனியக்காரி, நாம் மூவரும் மறுபடி எப்போது சந்திப்பது என்று கேட்பாள். நாவலிலும் அதே கேள்வி, அதே பயங்கரக் குரல், ஆனால் பதில் சாதாரணமாக வருகிறது, 'அடுத்த செவ்வாய் எனக்குச் சரிப்படும்' என்கிற மாதிரி. அப்புறம் கையில் ஒட்டிய ரத்தம். நாடகத்தில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது மேக்பெத்தின் மனைவி, இங்கே கொலை செய்த பிரபுவே உப்புத்தாள் வரைக்கும் போய்விடுகிறான். மூலம் தெரியாவிட்டால் இது வெறும் கிறுக்குத்தனமாகத் தெரியும், எனக்கு அது பெரிய இழப்பு.

அதே ஆசிரியரின் 'தி கலர் ஆஃப் மேஜிக்' (1983) நாவலுக்கு இந்த வழி உதவாது. அது ஒரே கதையைப் பிடித்துக்கொள்ளாமல் பல மிகைபுனைவுகளைக் கிண்டல் செய்கிறது, நேராகவே படித்துவிடலாம்.